ஏரி உறையும் முன் முடிக்க வேண்டியவை: யெல்லோநைஃபில் குடியேறுவோருக்கு ஒரு வழிகாட்டி

டொரான்டோவிலிருந்து நாங்கள் யெல்லோநைஃபுக்குக் குடிபெயர்ந்தது அக்டோபர் மாத நடுவில். வேலைக்கான கடிதம் கையில் இருந்ததால், மற்றவற்றை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். அந்த ஒரு முடிவால் முதல் நான்கு மாதங்களில் நாங்கள் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. வண்டி கிளம்பாமல் நின்றது, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டி வற்றியது, மருத்துவ அட்டை வருவதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. வேலை கிடைத்து இங்கே வரும் தமிழ்க் குடும்பங்கள் இதே வழியில் இடறக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதிகளின் தலைநகரமான இவ்வூரில் ஏறத்தாழ 20,000 பேர் வாழ்கிறார்கள். 614 மீட்டர் ஆழத்துடன் வட அமெரிக்காவிலேயே மிக ஆழமான ஏரியான கிரேட் ஸ்லேவ் ஏரியின் வடகரையில் ஊர் அமைந்திருக்கிறது. அடுத்த பெருநகரமான எட்மன்டனுக்குச் சாலைவழி சுமார் 1,450 கிலோமீட்டர். இங்கே வாழ்க்கையின் நாட்காட்டியை வகுப்பது ஏரிதான். அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பருக்குள், ஊரை ஒட்டிய ஏரிப் பகுதியான யெல்லோநைஃப் விரிகுடா உறையத் தொடங்கும். மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ பனிக்கட்டி உடைந்து கரையும். எந்தத் தாளை எப்போது வாங்குவது, எந்தச் செலவை எப்போது செய்வது என்பதையெல்லாம் இந்த இரண்டு தேதிகளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தீர்மானியுங்கள்.

1. வரும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வேலையில் சேரும் நாளைத் தள்ளிவைக்க உங்களுக்கு இடமிருந்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் வாருங்கள். வண்டியைக் குளிருக்குத் தயார்செய்யவும், பள்ளி தொடங்குமுன் வீடு பார்க்கவும், ஏரியைத் திறந்த நீராக ஒருமுறையேனும் கண்ணால் பார்க்கவும் அவகாசம் கிடைக்கும். கடைசியாகச் சொன்னது சிறிய விஷயம் இல்லை. பாறை எங்கே, ஆற்று முகத்துவாரம் எங்கே, நீரோட்டம் எங்கே என்று கோடையில் பார்த்து வைத்தவர்தான் குளிர்காலத்தில் பனிக்கட்டியின்மேல் எங்கே கால் வைக்கக்கூடாது என்பதை அறிவார்.

அக்டோபரில்தான் வரமுடியும் என்றால் 5-ஆம் படியில் வண்டியைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் புறப்படும் ஊரிலேயே முடித்துவிடுங்கள். டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் காலை 10 மணியளவில் எழுந்து பிற்பகல் 3 மணியளவில் மறைந்துவிடும். அந்த 5 மணி நேரமும் அலுவலகத்திலேயே கழிந்துவிடுவதால், வெளிவேலைகளையெல்லாம் இருட்டில்தான் செய்யவேண்டியிருக்கும்.

2. புறப்படுமுன் ஒரே கோப்பில் சேர்க்கவேண்டியவை

கடவுச்சீட்டு, நிரந்தரவாசி அட்டை அல்லது வேலை அனுமதி, குடும்பத்தார் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவு, பள்ளி மதிப்பெண் பட்டியல், பழைய மாகாணத்தின் மருத்துவ அட்டை, வேலை நியமனக் கடிதம், கடைசி இரண்டு ஆண்டு வருமானவரிக் கணக்கு ஆகியவற்றின் அசல்களை லாரியில் ஏற்றாமல் கைப்பையில் கொண்டுவாருங்கள். வீட்டுச் சாமான்களை ஏற்றிவரும் லாரி சொன்ன நாளில் வந்துசேரும் என்று நம்பவேண்டாம். எங்கள் சாமான்கள் 19 நாள் தாமதமாக வந்தன. திருமணச் சான்றிதழ் அந்தப் பெட்டிகளில் ஒன்றில் இருந்தது.

பலர் மறந்துவிடுவது வண்டி ஓட்டிய வரலாற்றுச் சான்று. பழைய மாகாணத்தின் உரிம அலுவலகத்திலிருந்து அதையும், பழைய காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து விபத்துக் கோரிக்கைகள் இல்லை என்பதற்கான கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் இல்லாவிட்டால் புதிய காப்பீட்டு நிறுவனம் உங்களைப் புதிதாக ஓட்டத் தொடங்கியவராகக் கணக்கிட்டுத் தவணையை உயர்த்தக்கூடும். இந்திய ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நேரடி மாற்றம் கிடையாது. எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் இருக்கும் என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

3. வீடு: வாடகையை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள்

வாடகை வீடுகள் இங்கே குறைவு. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 2,000 டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ கேட்கிறார்கள். முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். அதிலும் பாதியைக் குடிபுகும்போதும் மீதியை மூன்று மாதத்துக்குள்ளும் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. குடிபுகும் நாளில் வீட்டு உரிமையாளருடன் அறை அறையாகச் சென்று, இருக்கும் பழுதுகளை எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. வெப்பத்துக்கான எண்ணெய்ச் செலவு யாருடையது? தண்ணீர் குழாயில் வருகிறதா, லாரியில் வருகிறதா? வண்டி நிறுத்துமிடத்தில் என்ஜினைச் சூடாக்க மின்செருகி உண்டா?

முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டதால்தான் எங்களுக்கு அடி விழுந்தது. வாடகை மலிவாக இருக்கிறதே என்று ஒப்புக்கொண்ட வீட்டில் எண்ணெய்ச் செலவு குடியிருப்பவருடையது என்பது பிறகுதான் தெரிந்தது. தொட்டியின் முதல் நிரப்பே ஆயிரம் டாலரைத் தாண்டியது. தொட்டியின் தலையில் ஒரு சிறிய கண்ணாடிக் குமிழும் அதற்குள் ஒரு சிவப்பு மிதவையும் இருக்கும். அதன்மேல் படியும் உறைபனியைக் கையுறையால் துடைத்து வாரம் ஒருமுறை பாருங்கள். கால் பங்குக்கு இறங்கியதுமே விநியோகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். கடுங்குளிர் வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். தொட்டி வற்றி, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுவிட்டால் எண்ணெய் ஊற்றியவுடன் அது தானாகக் கிளம்பாது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஆள் வரவேண்டும். அதற்குள் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

பழைய நகரப் பகுதியில் ஏரியை ஒட்டிய வீடுகள் அழகானவை. ஆனால் அவற்றில் பலவற்றுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். கழிவுநீரும் லாரியில்தான் போகும். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே கழிவுத் தொட்டியை மறந்துவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. ஊரிலிருந்து விருந்தினர் வரப்போகிறார்கள் என்றால் லாரியின் முறைநாளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. மருத்துவ அட்டையும் ஓட்டுநர் உரிமமும்

இவை இரண்டையும் வந்த முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். வாடகை ஒப்பந்தம், வேலைக் கடிதம், குடியேற்ற ஆவணம் மூன்றும் இருந்தால் விண்ணப்பம் தடையில்லாமல் நகரும். ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் மற்றவர் குடியிருப்புச் சான்றுக்குத் தனியாக அலையவேண்டி வரும்.

வேறு மாகாணத்திலிருந்து நிரந்தரமாகக் குடிபெயர்ந்து வருபவர்களுக்கு, வந்ததற்குப் பிந்தைய மூன்றாம் மாதத்தின் முதல் நாளில்தான் புதிய மருத்துவக் காப்பு தொடங்கும். அக்டோபர் 14-இல் வந்தால் ஜனவரி 1. அதுவரை பழைய மாகாணத்தின் காப்பு தொடரும் என்பதால், புதிய அட்டை வந்துவிட்டதே என்று பழையதைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அந்த இடைக்காலத்தில் மருத்துவமனைச் செலவை மாகாணங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். ஆம்புலன்ஸ் செலவு அந்த ஏற்பாட்டுக்குள் வராது. இவ்வூரில் கடினமான நோய்களுக்கு எட்மன்டனுக்கு விமானத்தில் அனுப்புவது வழக்கம். மருத்துவ விமானத்தின் கட்டணம் ஒரு குடும்பத்தின் சேமிப்பைத் துடைத்துவிடக்கூடியது. ஆகவே அந்த மாதங்களுக்கு மட்டும் தனியார் காப்பீடு எடுங்கள், அல்லது உங்கள் வேலையிடத்துக் காப்பீடு முதல் நாளிலிருந்தே மருத்துவ விமானத்தை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

5. வண்டியைக் குளிருக்குத் தயார்செய்தல்

ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி சாதாரணம். மைனஸ் 40-உம் வரும். என்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர், பேட்டரிக்கான சூட்டுப் போர்வை, எண்ணெய்த் தட்டு சூடேற்றி, முழுச் செயற்கை என்ஜின் எண்ணெய், குளிர்கால டயர்கள் ஆகிய ஐந்தும் கட்டாயம். இவற்றை எட்மன்டனில் பொருத்திக்கொண்டு வந்தால் செலவு குறையும், காத்திருப்பும் குறையும். இங்கே அக்டோபர் பிறந்துவிட்டால் பட்டறைகளில் முறை கிடைக்கப் பல வாரங்கள் ஆகும்.

இந்தச் சூடேற்றிகளை மின்சாரத்தில் இணைக்கும் மின்வடத்தையும் குறிப்பாகச் சொல்லவேண்டும். வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண வடம் மைனஸ் 30-இல் கம்பிபோல் விறைத்து, மடக்கினால் உறை வெடித்துப் பிளந்துவிடும். குளிரிலும் வளையக்கூடியது என்று உறையில் எழுதியிருக்கும் வடத்தையே வாங்குங்கள். இரவு முழுவதும் செருகி வைக்கத் தேவையில்லை. கிளம்புவதற்கு 3 அல்லது 4 மணி நேரத்துக்கு முன் இயங்குமாறு ஒரு டைமர் வைத்தால் போதும். மின்கட்டணத்தில் அந்த டைமரின் விலை சீக்கிரமே திரும்பிவிடும்.

எட்மன்டனிலிருந்து ஓட்டி வருபவர்கள் இரண்டு இரவுகள் தங்கி வாருங்கள். வழியிலுள்ள ஊரான ஃபோர்ட் பிராவிடன்ஸுக்கு வடக்கே காட்டெருமைகள் சாலையிலேயே நிற்கும். அவற்றின் கண்கள் விளக்கொளியில் மானின் கண்களைப்போல் மின்னாததால், இருட்டில் அருகே வரும்வரை தெரியாது. அங்கிருந்து அடுத்த ஊரான பெச்சோக்கோ வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு எரிபொருள் கிடையாது. சாலையின் பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பும் கிடையாது. போர்வை, மெழுகுவத்தி, தீப்பெட்டி, உணவு, மண்வாரி ஆகியவை பின்னிருக்கையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

6. உறைந்த ஏரிமேல் போகுமுன்

இந்தப் படியை மட்டும் இரண்டுமுறை படியுங்கள்.

ஏரி உறைந்தபின் அது இவ்வூரின் மைதானமாகவும் சாலையாகவும் மாறிவிடுகிறது. சறுக்குகிறார்கள், நாய்வண்டி ஓட்டுகிறார்கள், துளையிட்டு மீன் பிடிக்கிறார்கள், மார்ச்சில் விரிகுடாவில் பனிக்கோட்டை கட்டி விழா எடுக்கிறார்கள். விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் டெட்டா, பூர்வகுடிகளான யெல்லோநைவ்ஸ் டெனே மக்களின் ஊர். நிலவழியே 27 கிலோமீட்டர் சுற்றிப் போகவேண்டிய அவ்வூருக்குக் குளிர்காலத்தில் ஏரிமேல் சுமார் 6.5 கிலோமீட்டர் பனிச்சாலை போடுகிறார்கள். பெரும்பாலும் டிசம்பர் இறுதியில் திறக்கும் இச்சாலை ஏப்ரலில் மூடப்படும். திறந்ததாக அரசு அறிவிக்குமுன், மற்றவர்களின் சக்கரத் தடங்களைப் பார்த்து வண்டியை இறக்காதீர்கள். தடம் போட்டவர் திரும்பி வந்தாரா என்று தடத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது. சாலை முகப்பில் எழுதியிருக்கும் எடை வரம்பையும் வேக வரம்பையும் மதியுங்கள். வேகமாக ஓட்டினால் பனிக்கட்டிக்கு அடியில் நீர் அலையாக எழும்பிக் கரையருகே மேற்பரப்பை உடைக்கும்.

பனிக்கட்டியின் தடிமன் நடப்பதற்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர், பலர் கூடிச் சறுக்குவதற்கு 20, ஸ்னோமொபைலுக்கு 25 என்று செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. இந்தக் கணக்கு தெளிந்த நீலப் பனிக்கட்டிக்கு மட்டுமே பொருந்தும். வெண்மையாக இருக்கும் பனிக்கட்டிக்கு அதில் பாதி வலுதான் உண்டு. சாம்பல் நிறத்தில் இருந்தால் அடியில் நீர் இருக்கிறது என்று பொருள், அதன்மேல் ஏறவே கூடாது.

முதல் குளிர்காலத்தில் எங்கள் பக்கத்துவீட்டுப் பெரியவர் எங்களை அழைத்துச்சென்றார். கரையிலிருந்து இருபதடிக்கு ஒருமுறை நின்று கைத்துளைப்பானால் துளையிட்டார். துருவல் குவிந்து, கடைசியில் நீர் குபுக்கென்று மேலே வந்ததும், நுனியில் கொக்கியுள்ள ஓர் அளவுகோலைத் துளைக்குள் விட்டு அடிவிளிம்பில் மாட்டி அளந்தார். கரையருகே 31 சென்டிமீட்டர் இருந்த இடத்திலிருந்து நாற்பதடி தள்ளி 17 சென்டிமீட்டர்தான் இருந்தது. மேற்பரப்பில் எந்த வேறுபாடும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. யெல்லோநைஃப் ஆறு விரிகுடாவில் கலக்கும் பகுதியிலும், தீவுகளுக்கு இடைப்பட்ட குறுகிய இடங்களிலும் நீரோட்டத்தால் பனிக்கட்டி எப்போதும் மெல்லியதாக இருக்கும் என்றும், கனத்த பனிப்பொழிவுக்குப் பிறகு பனிக்கு அடியில் நீர் ஏறி நின்று காலணியை நனைத்துவிடும் என்றும் அவர் சொன்னார். மைனஸ் 30-இல் நனைந்த காலணி விரல்களையே பறித்துவிடும்.

பனிக்கட்டியில் ஊன்றி மேலேற உதவும் கூர்முனைப் பனிக்குத்திகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள், போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லுங்கள். நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சை நிலைப்படுத்த மட்டுமே. அடுத்த பத்து நிமிடம்தான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். வந்த திசைக்கே திரும்பி, குத்திகளை ஊன்றி, கால்களை உதைத்துக் கிடைமட்டமாக மேலேறுங்கள். ஏறியபின் எழுந்து நிற்காமல் உருண்டு கரைக்கு வாருங்கள்.

உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் ஏரியை விட்டு விலகியே இருங்கள். ஏப்ரல் வெயிலில் ஏரி வெள்ளையாகவும் உறுதியாகவும் தோன்றினாலும் உள்ளே ஊசி ஊசியாகப் பிளந்திருக்கும். பிள்ளைகளிடம் இதைத் தேதி குறித்துச் சொல்லிவையுங்கள்.

7. கோடை: மீன், படகு, குளியல்

மீன்பிடி உரிமம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை செல்லும். ஆகவே மார்ச்சில் வாங்கினால் சில நாட்களில் காலாவதியாகிவிடும். உள்ளூர்வாசி என்ற கணக்கில் வருவதற்குக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்து மூன்று மாதம் தொடர்ந்து இங்கே குடியிருக்கவேண்டும். நான் வாங்கியபோது உள்ளூர்வாசிக்கான ஆண்டுக் கட்டணம் 10 டாலர். தூண்டில் முள்ளில் எதிர்முள் இருக்கக்கூடாது. வாங்கிய முள்ளில் இருந்தால் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். எந்த மீன் எத்தனை என்ற வரம்பு ஏரிக்கு ஏரி மாறும் என்பதால், உரிமத்தோடு தரும் கையேட்டைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். ஏரி ட்ரவுட் குழம்புக்கு மிக நன்றாக இருக்கும். வெள்ளைமீனைப் புளி குறைத்துச் செய்யுங்கள்.

ஊருக்குள் இருக்கும் சிறிய ஏரிகளில் மீன் பிடிக்கவோ குளிக்கவோ எண்ணாதீர்கள். பழைய தங்கச் சுரங்கங்களின் கழிவால் ஃபிரேம் ஏரி, காம் ஏரி போன்றவற்றில் ஆர்செனிக் கலந்திருக்கிறது. அரசின் சுகாதார எச்சரிக்கை இன்றும் நடப்பில் உள்ளது. கரையோரப் பழங்களைப் பறிக்குமுன்னும் அந்த எச்சரிக்கை வரைபடத்தைப் பாருங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஆர்செனிக் போகாது. குழாயில் வரும் நகராட்சித் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். குழந்தைகளைக் குளிக்க அழைத்துச்செல்ல ஃபிரெட் ஹென்னி பூங்காவின் லாங் ஏரி மணல்கரை போன்ற இடம் ஏற்றது.

படகைப் பொறுத்தவரை ஒரு குழப்பம் உண்டு. கனடாவின் மற்ற இடங்களில் கட்டாயமான படகோட்டி அட்டை இந்த ஆட்சிப்பகுதியின் நீர்நிலைகளில் கட்டாயமில்லை. ஆனாலும் அந்தப் பாடத்தைப் படித்துத் தேர்வெழுதுங்கள் என்றே சொல்வேன். 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள மோட்டார் இருந்தால் படகுக்கான உரிம எண் தேவை. படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும் என்பதும் சட்டம். முதல் கோடையில் விரிகுடாவைத் தாண்டிப் பெரிய ஏரிக்குள் போகாதீர்கள். அரை மணி நேரத்தில் காற்று எழுந்து, சிறிய படகு தாங்காத அலைகளைக் கொண்டுவந்துவிடும்.

முகாமிட விரும்புவோர் இங்கிரஹாம் டிரெயில் சாலையில் பிரெலூட் ஏரிப் பூங்காவை முதலில் முயலுங்கள். வார இறுதி இடங்கள் வசந்தகாலத்திலேயே நிரம்பிவிடுகின்றன; முன்பதிவு தொடங்கும் நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நகரை விட்டுச் சிறிது தூரம் சென்றதுமே கைப்பேசித் தொடர்பு அறுந்துவிடும். கரடி விரட்டும் தெளிப்பான் இடுப்பில் இருக்கட்டும், பையின் அடியில் வேண்டாம். ஜூனிலும் ஜூலையிலும் கொசு வலைச் சட்டை இல்லாமல் ஒரு மணி நேரம்கூட உட்காரமுடியாது.

8. வரிக் கணக்கில் விட்டுவிடக்கூடாதது

இங்கே ஆட்சிப்பகுதி விற்பனை வரி கிடையாது. 5 சதவீத மத்திய வரி மட்டும்தான். தொடர்ந்து 6 மாதம் வடக்கில் குடியிருந்தவர்கள் வடபகுதிவாசிகளுக்கான வரிக்கழிவைக் கோரலாம். நாளொன்றுக்கு 11 டாலர். வீட்டில் வேறு யாரும் கோரவில்லை என்றால் 22 டாலர். முழு ஆண்டுக்கு 8,030 டாலர் வரை வருமானத்திலிருந்து கழியும். டி2222 என்ற படிவத்தை நிரப்பவேண்டும். கணவன் மனைவியில் யார் கோருவது லாபம் என்று இரண்டு வகையிலும் கணக்கிட்டுப் பாருங்கள். வந்த ஆண்டில் 6 மாதம் நிறையாவிட்டாலும், அந்த 6 மாதம் அடுத்த ஆண்டில் நிறைவடைந்தால் முதல் ஆண்டின் நாட்களுக்கும் கோரமுடியும். ஆகவே வாடகை ரசீதுகளைத் தூக்கிப்போடாதீர்கள்.

9. கதவருகே ஒரு பை

2023 ஆகஸ்ட் 16-ஆம் தேதி காட்டுத்தீ நெருங்கியதால் ஊர் முழுவதையும் காலிசெய்ய உத்தரவு வந்தது. வெளியேற இருப்பது ஒரே நெடுஞ்சாலை. மக்கள் திரும்பிவரச் செப்டம்பர் 6 ஆனது. மூன்று வாரத்துக்கு வேண்டிய மருந்து, இரண்டாம் படியில் சொன்ன கோப்பு, வீட்டுக் காப்பீட்டின் நகல், கொஞ்சம் ரொக்கம், கைப்பேசி மின்னூட்டி, குழந்தைகளின் மாற்றுடை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் சாமான்களுக்குக் காப்பீடு எடுக்கவேண்டும். புகை சேதமும், வெளியேற்றக் காலத்தில் தங்கும் செலவும் அதில் அடங்குமா என்று பாருங்கள். தீ நெருங்கியபின் புதிய காப்பீடு தரமாட்டார்கள். மே முதல் செப்டம்பர் வரை வண்டியின் எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்கவேண்டாம்.

எங்கள் பையை ஏரியில் பனிக்கட்டி உடையும் வாரத்தில் ஒருமுறை பிரித்து, மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்த்து, குழந்தையின் காலணியை அவளுக்கு இப்போது பொருந்தும் அளவுக்கு மாற்றி, மறுபடியும் கட்டி வைக்கிறோம்.